நான் அனுப்பாத ஞாயிற்றுக்கிழமைகள்

உன்னோடு நான் பேசி இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. "சோறு போட்டு வெச்சிருக்கு", "கதவைச் சாத்து" என்று சொன்னதையெல்லாம் பேச்சில் சேர்க்காதே. அதெல்லாம் சுவரைப் பார்த்துச் சொன்னது. நாளைச் சாயங்காலம் விழுப்புரத்தில் நீ வண்டி ஏறுகிறாய். ராணுவ அகாடமியில் மூன்று வருடம், அதற்கு மேல் இன்னொரு வருடப் பயிற்சி, அப்புறம்தான் தோளில் நட்சத்திரம். இப்போது சொல்லாவிட்டால் இந்தக் கோபம் நாலு வருடம் என் தொண்டையிலேயே கிடந்து புளித்துவிடும். தாலுகா ஆபீசுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்துத் திண்டிவனத்துக்காரர்களுக்கு எல்லாம் மனு எழுதிக் கொடுத்த கை இது. பெற்ற பிள்ளை மேலேயே மனு எழுதுவது இதுதான் முதல் தடவை. மத்தியானம், கடையில் ஆள் இல்லை. உன் அப்பா பிரம்மதேசத்தில் ஒரு வீட்டுக்கு வயரிங் வேலையாகப் போயிருக்கிறார். சாயங்காலம் நீ டிபன் சாப்பிடும்போது இதைத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன். என் எதிரே படிக்காதே, மாடிக்கு எடுத்துக்கொண்டு போ.

யார் மேல் இந்தக் கோபம் தொடங்கியது என்று உனக்குத் தெரியும். நம் வீட்டில் "விழுப்புரம்" என்றால் ஊரைச் சொல்வதில்லை, என் அண்ணனைச் சொல்வது. பெயர் சொல்ல வாய் வராமல் நான் வைத்த பெயர் அது. ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். நீ கேட்டு வளர்ந்த கதையில் எனக்குச் சாதகமில்லாத இடங்களை நான் விட்டிருக்கிறேன், அதையும் இன்றைக்குச் சேர்த்துவிடலாம். என் அண்ணன் பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். தன்னோடு வேலை பார்த்த ஒருத்தருக்கு என்னைக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தான், அவரிடம் வாக்கும் கொடுத்துவிட்டான். என்னிடம் கேட்கவில்லை. நானோ விக்கிரவாண்டிப் பக்கம் எங்கள் நிலத்தில் பம்புசெட்டுக்கு லைன் இழுக்க வந்த எலக்ட்ரீசியனைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றேன். அவன் வாக்கு போயிற்று. கல்யாணத்துக்கு வரவில்லை. அதைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை, லீவு கிடைத்திருக்காது என்று ஊராரிடம் நானே பொய் சொன்னேன்.

உனக்கு ஒரு வயது முடிந்ததும் திருவக்கரையில் மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்தோம். அப்போது அவன் லீவில்தான் வந்திருந்தான். நானும் உன் அப்பாவும் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டோம். அண்ணி வாங்கி வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது நம்மிடம் எழுதி வைக்காத சட்டம். உறவு எத்தனை கெட்டிருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்துக்கு மாமன் வந்து உட்காருவான். கோயிலில் பத்தர் ஊசியோடு காத்திருக்கிறார், உன் தலையில் சந்தனம் காய்ந்துவிட்டது, பத்து மணி, பதினொரு மணி. கடைசியில் என் சித்தப்பா ஒருத்தர் தனியாக வந்தார். அண்ணன் சொல்லி அனுப்பியதை, நாலு பேர் கேட்கும்படி, ஒரு எழுத்து குறையாமல் ஒப்பித்தார்: "கரண்ட் கம்பத்துல ஏர்றவன் புள்ளைக்கு மாமன் மடி கேக்குதா? அந்தக் கம்பத்துலயே சாய்ச்சி வெச்சிக் குத்திக்கச் சொல்லு."

உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எங்களை ஏற்றிக்கொண்டு வந்த வேன் டிரைவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "குடும்மா, நான் வெச்சிக்கிறேன். கொயந்த அயுவுது பாரு" என்றார். அவர் மடியில்தான் உனக்குக் காது குத்தினோம். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்றைக்கு அம்மனைப் பார்த்து நான் அழவில்லை, கணக்காக ஒன்று கேட்டேன். அண்ணன் லீவில் வரும்போதெல்லாம் ஒரு புலம்பல் புலம்புவான்: "மீச மொளைக்காத பையன் ஆபீசரா வந்து நிப்பான், நாங்க வெறச்சிக்கினு சல்யூட் அடிக்கணும்." அந்தப் புலம்பல் எனக்கு அந்த நேரத்தில் சரியாக ஞாபகம் வந்தது. என் பிள்ளை ஆபீசராக வேண்டும், அவன் என் பிள்ளைக்கு விறைத்துக்கொண்டு சல்யூட் அடிக்க வேண்டும், அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை. நீ நல்லா இருக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. இதுதான் நான் இதுவரை உன்னிடம் சொல்லாத முதல் இடம்.

அதிலிருந்து உன்னை வளர்த்தேன் என்று சொல்வதைவிடத் தீட்டினேன் என்பதுதான் சரி. மற்ற தாய்மார் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டினார்கள், நான் விழுப்புரத்தைக் காட்டி ஊட்டினேன். பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டியில் எல்லா வருடமும் நீ ஒரே வேடம்தான், தொப்பியின் அளவு மட்டும் மாறிக்கொண்டே வந்தது. விடிந்ததும் கேப்பைக் கூழ், சாயங்காலம் ஊறவைத்த மல்லாக்கொட்டை, நடுவில் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். ஓட்டத்தில் நீ சுணங்கினால் "அந்த ஆளு சிரிப்பான்டா" என்று ஒரு வார்த்தை சொல்வேன், கால் பறக்கும். எனக்கு அது பெருமையாக இருந்தது. "பையனுக்குக் கணக்கு வருதா, இங்கிலீஷ் வருதான்னு பாரு. உன் அண்ணன் மூஞ்சியக் காட்டியே எத்தினி வருசம் ஓட்டுவ?" என்று உன் அப்பா கேட்பார். எனக்கு அந்த மூஞ்சியே போதுமானதாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு வருடம் முன்பு அண்ணி ஒரு பட்டா மாற்ற விண்ணப்பத்தோடு கடைக்கு வந்தார்கள். அவர்கள் அப்பா விட்டுப்போன நிலம் திண்டிவனம் தாலுகாவில் இருக்கிறது. கடை என்னுடையது என்று தெரிந்துதான் வந்தார்கள், பேச ஒரு சாக்கு தேடி வந்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. நான் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்றேன். மூன்று நாள் வந்தார்கள். மூன்று நாளும் சர்வர் டவுன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அதே நேரத்தில் வருமானச் சான்றுக்குப் பதிவு செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். நாலாவது நாள் அவர்கள் வரவில்லை. அன்றைக்கு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டேன். வெட்கப்பட வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் அந்தச் சோறு ருசியாகத்தான் இருந்தது.

உன் விண்ணப்பத்தை என் கையால்தான் போட்டேன். தந்தையின் தொழில் என்ற இடத்தில் எலக்ட்ரீசியன் என்று பெரிய எழுத்தில் அடித்துவிட்டு ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் எழுத்துத் தேர்வில் கணக்கு உன்னைக் கவிழ்த்தது. இரண்டாவது தடவை தேறினாய், பெங்களூருவுக்கு ஐந்து நாள் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே படம் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள், ஒரு சொல்லைக் காட்டி மனதில் தோன்றுவதை எழுதச் சொல்வார்கள் என்று நீ நோட்டுப் போட்டுப் பழகினாய். நான் அந்த நோட்டை எடுத்து முழுசாகப் படித்தேன். வாசலில் ஒரு பெண் நிற்கிற படம். அவளை ஒருத்தன் அவமானப்படுத்தியிருப்பான், அவள் மகன் சீருடையில் திரும்பி வருவான், அவமானப்படுத்தியவன் எழுந்து நிற்பான். பாலம் உடைந்த படம், அதிலும் கடைசியில் ஒருத்தன் எழுந்து நிற்பான். மரியாதை என்ற சொல்லுக்கு நீ எழுதியிருந்தது, "கொடுக்காதவனிடம் பிடுங்கி வாங்க வேண்டியது." அது நான் சொல்கிற வார்த்தை. வரிக்கு வரி என் வாய். ஒரு தாய்க்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சூப்பர்டா கண்ணு, இப்படியே எழுது" என்று சொல்லிச் சேமியா பாயசம் வைத்தேன்.

ஐந்தாம் நாள் தேர்வானவர்கள் எண்ணைப் படித்தபோது உன் எண் வரவில்லை. ஏன் என்று அவர்கள் சொல்வதில்லை. நீயும் "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தாய். நான் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம், "விழுப்புரம்தான் யாரையோ புடிச்சிக் கெடுத்துட்டான்" என்று சொன்னேன். "ஒரு ஹவில்தார் சொன்னா அங்க கேக்கறாங்கன்னா அந்தாளே இந்நேரம் ஜெனரல் ஆயிருப்பான். ஏம்மே பேஜார் பண்ற?" என்றார் உன் அப்பா. அவரிடமும் சண்டை போட்டேன். வயது வரம்புக்குள் இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது. விழுப்புரத்தில் கல்லூரியில் சேர்ந்து தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டும், ஒரு சார் ஸ்பெஷல் கோச்சிங் தருகிறார், காசு வாங்கமாட்டார் என்றாய். காசு வாங்காத வாத்தியாரா என்று நெகிழ்ந்துபோய், உனக்கு ஒரு டப்பா, சாருக்கு ஒரு டப்பா என்று கட்டிக் கொடுத்தேன். "சாருக்குக் கருவாட்டுக் கொழம்பு புடிச்சிருந்ததாடா?" என்று கேட்பேன். "ரொம்பப் புடிச்சிச்சிம்மா" என்பாய். எட்டு மாதம்!

இந்தத் தடவை எழுத்துத் தேர்வு தாண்டி, போபால் நேர்முகத்திலும் தேறினாய். மருத்துவப் பரிசோதனையும் தாண்டினாய். இறுதிப் பட்டியல் நம் கடைக் கம்ப்யூட்டரில்தான் வந்தது, உன் பெயரை நான்தான் முதலில் பார்த்தேன். அழுதேன், சிரித்தேன், எல்லாம் ஐந்து நிமிடம். ஆறாவது நிமிடம் அந்தப் பக்கத்தை அச்செடுத்து லேமினேட் செய்தேன். மறுநாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன், ஸ்வீட் பாக்ஸ் வாங்கினேன், ஆட்டோ வேண்டாம் என்று கார் பிடித்தேன். நீ மூன்று தடவை "வேணாம்மா, இன்னொரு நாள் போலாம்" என்றாய். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசையில் நிற்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருடமாகச் சொல்லிப் பார்த்த வாக்கியம்: "கம்பத்துல ஏர்றவன் புள்ள ஆபீசராப் போறான், எழுந்து நில்லு."

அண்ணன் வீட்டுக் கேட்டைத் திறந்தேன். தெருவில் போகிற காற்றைப் பார்த்துக்கூடக் குரைக்கும் என்று பெயரெடுத்த அந்த நாய் பாய்ந்து வந்தது. நான் பின்வாங்கினேன். அது என்னைத் தாண்டிப் போய் உன் மேல் இரண்டு காலையும் போட்டு முகத்தை நக்கியது. நீ அதன் பெயரைச் சொல்லி "கீழ, கீழ" என்றாய். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. துணி துவைக்கிற கல்லில் கழுவிக் கவிழ்த்திருந்த டப்பாவைப் பார்த்தேன். மூடியில் என் பெயர் வெட்டியிருந்தது, என் கல்யாணத்துக்கு வந்த டப்பா. அண்ணி வெளியே வந்து, "வாப்பா, இன்னா ஞாயித்துக்கெயம இல்லாம இன்னைக்கி" என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். பின்னாலேயே அவன் வந்தான். லுங்கியும் பனியனுமாக, தலை முழுக்க நரைத்து. எழுந்து நில் என்று நான் எங்கே சொல்வது, அவன் நின்றுகொண்டுதான் இருந்தான்.

"வாம்மா" என்றான். "நீ மொதல்ல எறங்கி வருவேன்னு நான் நெனைக்கவே இல்ல. மாப்ள வந்து 'அம்மாதான் அனுப்புனாங்க'ன்னான், நம்பல. டப்பாவத் தொறந்து ஒரு வாய் போட்டதும் உன் கைன்னு தெரிஞ்சிபோச்சி. அப்பறம்தான் அவனுக்குச் சொல்லிக் குடுக்க ஒக்காந்தேன்." பிறகு, "திருவக்கரைக்கி நான் வந்திருக்கணும். தப்புதான்" என்றான்.

மேஜை மேல் உன் நோட்டு இருந்தது. வேறெங்கும் கண்ணை வைக்க முடியாமல் அதைப் பிரித்தேன். அதே பழைய கதைகள். ஒவ்வொன்றின் கீழேயும் சிவப்பு மையில் அவன் ஒரே கேள்வியை எழுதியிருந்தான்: "இது உன் கதையா, உங்கம்மா கதையா?" எல்லாப் பக்கத்திலும். அதற்குப் பிறகு வந்த பக்கங்களில் கதைகள் மாறியிருந்தன. வாசலில் நிற்கிற பெண்ணைப் பற்றி நீ புதிதாக எழுதியிருந்ததில் அவள் ஒரு ஆசிரியை, மழையில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். யாரும் எழுந்து நிற்கவில்லை. நல்ல கதைதான்.

நீ என்னைப் பார்த்தாய். காட்டிக்கொடுத்துவிடாதே என்று பார்த்தாய். நானும் வாயைத் திறக்கவில்லை, அண்ணி கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தேன், ஸ்வீட் பாக்ஸை வைத்தேன், கிளம்பினேன். காரில் ஏறியதிலிருந்து உன்னோடு பேசவில்லை. நீ அவனிடம் போனதற்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், இல்லையா? இல்லை. உனக்கு வேறு வழியில்லை, அது எனக்குப் புரிகிறது. நான் உன் தலைக்குள் ஏற்றி வைத்ததை இறக்கி வைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது, அந்த ஆள் அவனாக இருந்தது என் தலையெழுத்து. என்னிடம் பொய் சொன்னாய், அதைக்கூட விட்டுவிடுவேன். ஆனால் நான் தோற்றுவிட்டேன் என்று அந்த ஆளை எட்டு மாதம் நினைக்க வைத்தாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. என் குழம்பை வைத்தே என்னைக் கவிழ்த்தாயே! பதினெட்டு வருடம் காத்திருந்த ஒரு வார்த்தை, "தப்புதான்" என்ற அந்த வார்த்தை, என் காதில் விழுந்தது. அது எனக்குச் சொன்னதில்லை. இறங்கி வந்து சோறு கட்டி அனுப்பிய ஒரு தங்கச்சியை நீ இட்டுக்கட்டி வைத்திருந்தாய், அவளுக்குச் சொன்னது. அந்தப் புண்ணியவதி யார் என்று எனக்குத் தெரியாது.

பதினோரு நாள் யோசித்தேன். அம்மா புத்திமதி சொல்ல வேண்டிய நேரம் என்பதால் சொல்கிறேன். எனக்கு வஞ்சம் இருந்தது, அதைக் காட்ட ஒரு பிரவுசிங் சென்டர்தான் இருந்தது. அதனால் மூன்று நாள் ஒரு பெண் வீணாக அலைந்ததோடு போயிற்று. உன் கையில் நாளைக்கு நூறு பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருத்தன் உன்னை ஏதாவது சொல்லியிருப்பான், அவன் லீவு விண்ணப்பம் உன் மேஜைக்கு வரும். அன்றைக்குச் சர்வர் டவுன் என்று சொல்லிவிடாதே. அது ருசியாக இருக்கும், அதனால்தான் சொல்கிறேன். உன் அப்பாவிடம் வாரம் ஒருமுறை தவறாமல் பேசு, அவர் கேட்கமாட்டார், நீயாகப் பேசு. கல்யாணம் என்று வரும்போது யாரையாவது பிடித்திருந்தால் என்னிடம் நேராக வந்து சொல். நான் கத்துவேன், கத்தி முடிக்கும் வரை நின்று கேள், அப்புறம் உன் இஷ்டப்படி செய். காலில் கொப்புளம் வந்தால் ஊசியால் குத்தாதே.

அந்தச் சல்யூட் எனக்கு வேண்டாம். உனக்கு நட்சத்திரம் குத்துகிற அன்றைக்கு அவன் அடித்தால் அடிக்கட்டும், அது பட்டாளத்து வழக்கம், அவனுக்கும் உனக்கும் நடுவில் உள்ளது. நான் அதைப் பக்கத்தில் நின்று பார்த்து மகிழப்போவதில்லை. காது குத்தும்போது உனக்கு ஒரு வயது. உனக்கு வலித்தது ஊசி மட்டும்தான், மீதி எல்லாம் எனக்கு வலித்தது. அதை எடுத்து உன் கையில் கொடுத்து ஓட வைத்தேன். தப்பு செய்தேன், திருப்பி வாங்கிக்கொள்கிறேன். இனி இந்தச் சண்டையில் உனக்குப் பங்கில்லை.

எனக்கு இருக்கிறது. நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். நாளைக்கு ஸ்டேஷனுக்கு அவனும் வருவான், என் கண்ணில் படாமல் பிளாட்பாரத்துக் கடைசியில் நிற்கச் சொல்லியிருக்கிறாய் என்று தெரியும். உன் அப்பா வாயில் எதுவும் நிற்காது. அவனை அப்படி ஒளிந்து நிற்க வேண்டாம் என்று சொல், நேராக என் பக்கத்திலேயே வந்து நிற்கட்டும். வண்டி கிளம்பும் வரை நல்லபடியாக இருப்பேன், முறுக்குகூடக் கொடுப்பேன். நீ போன பிறகு அவனிடம் சொல்லப்போகிறேன், நான் அனுப்பவில்லை என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அனுப்பவில்லை, அந்தக் குழம்பு அவனுக்கு வைத்ததில்லை, தெரிந்திருந்தால் உப்பை அள்ளிக் கொட்டியிருப்பேன், நான் இறங்கி வரவே இல்லை என்று. அதைக் கேட்ட பிறகும் அவன் அந்த வார்த்தையைச் சொல்கிறானா என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்கு நீ அங்கே இருக்கக்கூடாது, இருந்தால் நடுவில் வந்து இரண்டு பேருக்கும் ஏதாவது பொய் சொல்வாய்.

அதனால் வண்டி நகர ஆரம்பித்ததும் கையை ஆட்டிவிட்டு உள்ளே போய் உட்கார். எட்டிப் பார்க்காதே. நான் அதற்குள் திட்ட ஆரம்பித்திருப்பேன்.